விண்மீன் கொத்துக்களின் நிறமும் பொருளும்: ஓர் ஆராய்ச்சி வரலாறு

தோற்றுவாய்

கார்த்திகை ஆறு மீன்களின் கூட்டம் என்பது நம் நாட்டுச் சிறுவரும் அறிந்ததே. வெறுங்கண்ணுக்கு ஆறாய்த் தோன்றும் அக்கூட்டம் தொலைகாட்டி கொண்டு நோக்குவார்க்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்களின் கொத்தாய் விரியும். அதற்குக் கிழக்கே, உரோகிணி என்னும் செம்மீனைச் சூழ்ந்து சிதறிக் கிடக்கும் சிறு மீன்களும் அத்தகைய ஒரு கொத்தேயாம். உரோகிணி மட்டும் அக்கொத்தினைச் சேர்ந்ததன்று. நமக்கும் அதற்கும் இடையில் நிற்பது. தெளிந்த இரவொன்றில் இவ்விரு கொத்துக்களையும் தொலைநோக்குக் கண்ணாடியால் ஒப்பிட்டுப் பார்ப்பவர், கார்த்திகையின் பெருமீன்கள் யாவும் நீலம் பாரித்த வெண்மையாயிருக்க, மற்றைய கொத்தின் ஒளிமிக்க மீன்களுட் சில பொன்னிறமாயிருத்தலைக் காண்பர்.

இந்நிறவேறுபாடு எதனால் வந்தது? விண்மீன்கள் வெவ்வேறு பொருள்களால் ஆனமையாலா? வெப்பத்தின் ஏற்றத்தாழ்வாலா? வயதாலா? அன்றி, இடைவெளியிலுள்ள ஏதோவொன்று ஒளியின் நிறத்தை மாற்றி நம்மை மயக்குகின்றதா? இவ்வினாக்களுக்கு விடை காணுதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் சென்றன. விடையும் ஒன்றன்று, நான்கினுக்கும் இடமுண்டு என்பதே முடிந்த முடிபு.

இக்கட்டுரையை எழுதுபவன் விஞ்ஞானம் கற்பிப்பவன் அல்லன், வரலாறு கற்பிப்பவன். எனினும் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. கல்வெட்டு, செப்பேடு, நாணயம் ஆகியவற்றை ஆராயும் வரலாற்றாசிரியன், ஒரு சான்று எதனைக் கூறுகின்றது என்பதை மட்டுமன்றி, அஃது அவ்வாறு கூறுதற்கு எத்தனை காரணங்கள் இருக்கக்கூடும் என்பதையும் ஆராய்தல் வேண்டும். விண்மீன்களை ஆராய்வோர்க்குக் கிடைத்த சான்று ஒளி ஒன்றே. அவ்வொரு சான்றினை அவர்கள் எவ்வாறு குறுக்கு விசாரணை செய்தனர் என்பதும், எங்கெங்கே வழுவினர் என்பதும் மாணவர் யாவரும் அறியத்தக்கன.

இயலாதென்ற கூற்று

பிரான்சு நாட்டுத் தத்துவஞானி ஒகஸ்ட் கொம்ட் என்பார், மனித அறிவின் எல்லைகளை வகுக்கப் புகுந்து, 1835ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், விண்மீன்களின் வடிவத்தையும் தூரத்தையும் இயக்கத்தையும் நாம் அறிதல் கூடும். அவற்றின் இரசாயன அமைப்பினை மட்டும் எவ்வழியாலும் அறிதல் இயலாது என்று துணிந்து கூறினார். கையில் எடுத்துக் குடுவையிலிட்டுச் சோதிக்க இயலாத ஒரு பொருளின் இயைபினை எங்ஙனம் அறிவது என்பது அவர் கருத்து. அக்காலத்தார்க்கு அது நியாயமான கூற்றாகவே தோன்றியிருக்கும்.

ஆயின், அதனைப் பொய்ப்பிக்கும் சான்று இருபது ஆண்டுகளுக்கு முன்னரே கிடைத்திருந்தது. ஜேர்மனியிற் கண்ணாடி வில்லை செய்வதில் ஈடிணையற்றவராய் விளங்கிய பிரௌன்கோபர் என்பார், 1814இல் சூரிய ஒளியை அரியத்தின் வழியே செலுத்தி விரித்து நோக்கியபோது, அந்நிறமாலையின் குறுக்கே ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கரிய கோடுகளைக் கண்டு அவற்றை நிரைப்படுத்தினார். அக்கோடுகளின் பொருள் யாது என்பது அவர்க்கு விளங்கவில்லை. அதனை விளக்கியவர்கள் ஹைடல்பேர்க் நகரில் ஒருங்கிருந்து உழைத்த கேர்க்கொவ், புன்சன் என்னும் இருவர். ஒவ்வொரு மூலகமும் தனக்கெனக் குறித்த இடங்களிலேயே கோடுகளைத் தோற்றுவிக்கும் என்றும், சூரியனின் கரிய கோடுகள் அதன் வளிமண்டலத்திலுள்ள மூலகங்கள் ஒளியை உறிஞ்சுதலால் விளைந்தவை என்றும் அவர்கள் 1859, 1860ஆம் ஆண்டுகளில் நிறுவினர். கொம்ட் 1857இல் மறைந்தார். தம் கூற்று வீழ்ந்ததை அவர் காணாமலே போயினார்.

1864இல் இலண்டனைச் சேர்ந்த வில்லியம் ஹகின்ஸ், மில்லர் என்னும் இரசாயன அறிஞரின் துணையோடு விண்மீன்களின் நிறமாலைகளை ஆராய்ந்து வெளியிட்டார். நம் உரோகிணியும் அவற்றுள் ஒன்று. அதன் ஒளியிற் சோடியம், மகனீசியம், இரும்பு ஆகியவற்றின் கோடுகள் காணப்பட்டன. நம் நிலத்திலும் நம் குருதியிலும் உள்ள இரும்பே வானத்து மீனிலும் உளது என்ற செய்தி அக்காலத்து மக்களைப் பெரிதும் வியப்பில் ஆழ்த்தியது.

வெப்பமா, பொருளா?

கோடுகள் கிடைத்தன, ஆயின், அவற்றை வாசிக்கும் இலக்கணம் கிடைத்திலது. சில விண்மீன்களில் ஐதரசன் கோடுகள் தடித்துத் தோன்றின. சிலவற்றில் இரும்பும் கல்சியமும் மிக்குத் தோன்றின. செந்நிற மீன்களில் மூலக்கூறுகளின் பட்டைகள் தோன்றின. எனவே வெண்மீன்கள் ஐதரசனாலும், செம்மீன்கள் உலோகங்களாலும் ஆனவை எனப் பலர் எண்ணினர். கோடு மிகுந்தால் பொருளும் மிகும் என்பது எளிதாகத் தோன்றும் எண்ணமே. அது பிழையென்று காட்டும் வழியைத் திறந்தவர் ஓர் இந்தியர்.

டாக்காவுக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்துச் சிறுவணிகரின் மகனாய்ப் பிறந்த மேகநாத சாகா, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராயிருந்த காலத்து, 1920ஆம் ஆண்டில் அயனாக்கம் பற்றிய தம் சமன்பாட்டினை வெளியிட்டார். வெப்பநிலையும் அமுக்கமும் மாறுந்தோறும் ஓர் அணு தன் இலத்திரன்களை இழக்கும் அளவு மாறும். அதற்கேற்ப அதன் கோடுகள் தோன்றியும் மறைந்தும் போம் என்பது அதன் சாரம். கொல்லன் உலையில் ஒரே இரும்புத் துண்டு முதலிற் செம்மையாயும், பின்னர் மஞ்சளாயும், இறுதியில் வெண்மையாயும் ஒளிர்வதை நாம் காண்கின்றோம். இரும்பு மாறிற்றன்று, வெப்பமே மாறிற்று. விண்மீன்களிலும் நிறத்தையும் கோடுகளையும் முதற்கண் ஆள்வது வெப்பமே என்பதைச் சாகாவின் சமன்பாடு கணக்கால் நாட்டியது.

அச்சமன்பாட்டினைக் கையிலெடுத்து எல்லா விண்மீன் வகைகளையும் அளந்தவர் சிசிலியா பெய்ன் என்னும் இளம் ஆங்கிலப் பெண்மணி. கேம்பிரிட்ஜிற் கற்று, 1923இல் அமெரிக்கா சென்று, ஹாவார்ட் வானாய்வுக்கூடத்திற் சேர்ந்த அவர், 1925இல் தம் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வேட்டினை எழுதினார். வெப்பத்தின் விளைவினைக் கழித்துவிட்டு நோக்கியபோது, விண்மீன்கள் பெரும்பாலும் ஒரே வகைப் பொருளால் ஆனவை என்பதும், அப்பொருளில் ஐதரசனே உலோகங்களைவிட ஏறத்தாழப் பத்திலட்சம் மடங்கு மிக்கது என்பதும் புலனாயின. பூமியின் இயைபே சூரியனின் இயைபும் என்று நம்பியிருந்த காலம் அது. அக்காலத்துப் பேரறிஞராகிய பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்து ஹென்றி நொறிஸ் றசல் அம்முடிபு ஒவ்வாதது என எழுதினார். இளையவராகிய பெய்ன், தம் கணக்கின் விடையைத் தம் ஏட்டிலேயே உண்மையாதல் அரிது என்று எழுதி அடங்கினார். நான்கு ஆண்டுகளின் பின்னர், 1929இல், றசல் தாமே வேறு வழியால் அம்முடிபினை அடைந்து பெய்னின் கண்டுபிடிப்பினையும் குறிப்பிட்டார்.

இந்நிகழ்ச்சியை நாம் மறத்தலாகாது. எதிர்பார்த்ததோடு ஒவ்வாத ஒரு விடை, பிழையென்று ஒதுக்கப்பட்டது. பின்னர் அதுவே உண்மையாயிற்று. இவ்வரலாற்றில் இஃது இன்னும் பன்முறை நிகழும்.

கொத்துக்களின் சிறப்பு

தனித்தனி விண்மீன்களை ஆராய்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மங்கித் தோன்றும் மீன் இயல்பாகவே மங்கலானதோ, அன்றித் தூரத்தால் மங்கியதோ என்பது விளங்காது. ஒரு கொத்திலுள்ள மீன்களோ ஏறக்குறைய ஒரே தூரத்தில் உள்ளன. ஒரே முகிலினின்று ஒருங்கு பிறந்தன எனவும் கருதப்பட்டன. ஆகவே அவற்றிற் காணப்படும் வேறுபாடு மீன்களின் இயல்பால் வந்ததேயன்றித் தூரத்தால் வந்ததன்று. ஒரே வயிற்றுப் பிள்ளைகளை ஒப்பிடுவது போல்வது இது.

இவ்வுண்மையை உணர்ந்து, 1910இல் ஹன்ஸ் றோசன்பேர்க் கார்த்திகையின் மீன்களையும், 1911இல் ஹேர்ட்ஸ்பிறங் கார்த்திகையும் உரோகிணிப் புறத்துக் கொத்தும் ஆகிய இரண்டினையும் வரைபிற் குறித்தனர். மீன்களின் தன்மையையும் ஒளிர்வையும் இரு அச்சுக்களாகக் கொண்ட அவ்வரைபில், புள்ளிகள் கண்டபடி சிதறாது ஒரு நிரையில் அமைந்தன. நீலமீன்கள் ஒளி மிக்கனவாயும், செம்மீன்கள் மங்கலாயும் ஒரு சாய்வான நெடுங்கோட்டில் நின்றன. அதுவே முதன்மை நிரை எனப்படுவது. பெருவிளக்கு எண்ணெயை விரைந்து குடித்து முன்னர் அணைவது போல, ஒளிமிக்க நீலமீன்கள் முன்னர் முதிர்ந்து, அந்நிரையை விட்டு விலகிச் செம்பெருமீன்களாய் மாறும் என்பது பின்னர் அறியப்பட்டது. கார்த்திகைக்கு வயது ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகள். மற்றைய கொத்துக்கு அறுபது கோடிக்கு மேல். முன்னதில் நீலமும் பின்னதிற் பொன்னிறமும் மிக்கிருத்தல் முதற்கண் வயதின் விளைவே என்பது இதனாற் பெறப்படும்.

அமெரிக்காவில் வில்சன் மலை வானாய்வுக்கூடத்தில் ஹாலோ ஷாப்லி என்பார், 1914 தொடக்கம் கோளக் கொத்துக்களை ஆராய்ந்தார். இலட்சக்கணக்கான மீன்கள் உருண்டையாய்த் திரண்டு கிடப்பவை அவை. அங்கு ஒளிமிக்க மீன்கள் நீலமல்ல, செம்மையே என அவர் கண்டார். அவற்றின் தூரங்களை அளந்து, சூரியன் நம் பால்வழியின் நடுவே இல்லை, ஓரத்தே உளது என்று 1918இல் நிறுவியது அவர்தம் பெருஞ்சாதனை. ஆயின், ஒரு வழுவும் நேர்ந்தது. மிகு தொலைவிலுள்ள அக்கொத்துக்களிலும் நீலமீன்கள் நீலமாகவே தோன்றியமையால், விண்வெளியில் ஒளியை மறைக்கும் தூசி இல்லை என அவர் துணிந்தார். அவர் கண்ட கொத்துக்கள் பெரும்பாலும் பால்வழியின் தளத்துக்கு அப்பால், தூசியற்ற திசைகளில் இருந்தன என்பதை அவர் கருதவில்லை.

அதனைத் திருத்தியவர் லிக் வானாய்வுக்கூடத்து றொபேட் திரம்ப்ளர். பால்வழியின் தளத்திலேயே கிடக்கும் திறந்த கொத்துக்கள் நூற்றினை ஆராய்ந்த அவர், தொலைவிலுள்ளவை இருக்கவேண்டியதைவிட மங்கியும் சிவந்தும் தோன்றுவதை 1930இற் காட்டினார். மாலைச் சூரியன் தொடுவானத்துப் புழுதியினூடே சிவந்து தோன்றுவது போன்றதே இது. அச்சிவப்புக் கொத்தின் சிவப்பன்று, வழியின் சிவப்பு. இங்ஙனம் நிறமென்னும் ஒரு சான்றுக்கு வெப்பம், வயது, தூசி என மூன்று காரணங்கள் வெளிப்பட்டன. நான்காவதாகிய பொருள்வேறுபாடு இன்னும் மறைந்தே கிடந்தது.

இருளிற் பிறந்த அறிவு

இரண்டாம் உலகப்போரின்போது வில்சன் மலையில் வால்டர் பாடே என்னும் ஜேர்மனியர் பணி புரிந்தார். பகைநாட்டுக் குடிமகன் ஆதலின் அவரைப் போர்ப்பணிக்கு அழைத்திலர். ஏனைய வானவியலாளர் பலர் போர்ப்பணியிற் சென்றுவிட, நூறு அங்குலத் தொலைகாட்டி பெரும்பாலும் அவர் கைக்கு வந்தது. மலையடிவாரத்து லொஸ் ஏஞ்சலிஸ் நகரமோ எதிரி விமானங்களுக்கு அஞ்சி விளக்கணைத்து இருண்டு கிடந்தது. அவ்விருளிற் சிவப்பொளிக்குக் கூருணர்வுடைய தகடுகளைக் கொண்டு, அந்திரொமீடா மண்டலத்தின் நடுப்பகுதியை அவர் தனித்தனி விண்மீன்களாய்ப் பிரித்துப் படம்பிடித்தார். அங்குள்ள ஒளிமிக்க மீன்கள் செம்மீன்கள். கோளக் கொத்துக்களின் மீன்களை ஒத்தவை. அம்மண்டலத்தின் சுருட்கரங்களிலோ நீலமீன்கள் மலிந்திருந்தன. எனவே விண்மீன்கள் இரு குடிகளைச் சேர்ந்தவை என 1944இல் அவர் வெளியிட்டார். சூரியனின் அயலிலுள்ளவை முதற்குடி. கோளக் கொத்துக்களில் உள்ளவை இரண்டாங்குடி.

இதனை எழுதுங்கால் ஒரு நினைவு வருகின்றது. யாழ்ப்பாணத்தில் 1990ஆம் ஆண்டு தொடக்கம் பல ஆண்டுகள் மின்விளக்கின்றி வாழ்ந்த தலைமுறையிலே யாமும் ஒருவேம். ஜாம்போத்தல் விளக்கினை அணைத்து முற்றத்துக்கு வந்தால், வானத்திற் பால்வழி முற்றும் தெரிந்த நாள்கள் அவை. அவ்விருளை அன்று எவரும் வாழ்த்தியிலர், இன்றும் வாழ்த்தார். எனினும் அவ்வானத்தை யாம் கண்டோம் என்பதும் உண்மையே. போரின் இருளைப் பாடே விரும்பி வேண்டினாரல்லர். வந்த இருளில் தம் கடமையைச் செய்தார். அவ்வளவே நாம் கொள்ளத்தக்கது.

உலோகக் குறைவு

இரு குடிகளுக்கும் வேறுபாடு வயதினால் மட்டுமா? விடை விரைவிற் கிடைத்தது. வானவியலார் ஐதரசனும் ஈலியமும் ஒழிந்த எல்லா மூலகங்களையும் உலோகம் என்றே வழங்குவர். காபனும் ஒட்சிசனும் அவர்க்கு உலோகமே. சூரியனில் இவை நூறு பங்கில் இரண்டினும் குறைவு. 1951இல் சேம்பர்லேன், அல்லர் என்னும் இருவர், விரைந்து செல்லும் விண்மீன்கள் இரண்டினை ஆராய்ந்து, அவற்றில் உலோகங்கள் அதனினும் மிகக் குறைவு எனக் காட்டினர். யேர்க்ஸ் வானாய்வுக்கூடத்து நான்சி றோமன், விரைந்து செல்லும் மீன்களின் உலோகக் கோடுகள் மெலிந்திருத்தலை 1950இலும், அவை கழியூதா ஒளியில் எதிர்பார்த்ததைவிட மிக்கு ஒளிர்தலை 1954இலும் எடுத்துரைத்தார்.

இவ்விரு செய்திகளும் ஒன்றனையொன்று விளக்குவன. இரும்பு முதலிய உலோகங்களின் கோடுகள் நீலப் புறத்திலும் கழியூதாப் புறத்திலுமே ஆயிரக்கணக்கில் நெருங்கிக் கிடக்கின்றன. அவை அவ்வொளியை உறிஞ்சித் தடுக்க, தடையுண்ட சக்தி சிவப்புப் புறமாக வெளியேறும். எனவே உலோகம் மிக்க மீன் சிவந்தும், குறைந்த மீன் நீலம் சார்ந்தும் தோன்றும். கிடுகு நெருங்கப் பின்னிய வேலியினூடே வெயில் குறைந்தும், நெகிழப் பின்னியதனூடே மிகுந்தும் புகுதல் போல்வது இது. இங்ஙனம் நிறத்தின் நான்காங் காரணம் வெளிப்பட்டது.

பாலோமர் மலையின் இருநூறு அங்குலத் தொலைகாட்டி தொழிற்படத் தொடங்கியபின், பாடேயின் மாணவராகிய அலன் சாண்டேஜும் அவர்தம் நண்பரும் எம் 3, எம் 92 என்னும் கோளக் கொத்துக்களின் மங்கலான மீன்களையும் அளந்து, 1953இல் அவற்றின் முதன்மை நிரையைக் கண்டனர். 1956இல் வில்லியம் மோர்கன், கோளக் கொத்துக்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. சிலவற்றில் உலோகக் கோடுகள் மிக மெலிந்தும், பால்வழியின் நடுவை அடுத்தவற்றில் வலுத்தும் உள்ளன எனக் காட்டினார். 1957இல் வத்திக்கானிற் கூடிய அறிஞர் மாநாடு, இருகுடிப் பாகுபாடு போதாதென்று கண்டு அதனை ஐந்தாக விரித்தது. அதே ஆண்டில் பேர்பிட்ஜ் தம்பதியரும் பவுலரும் ஹொயிலும் ஒருங்கெழுதிய பெருங்கட்டுரை, உலோகங்கள் விண்மீன்களின் உள்ளேயே சமைக்கப்பட்டு, அவை மடியுங்கால் வெளியே வீசப்பட்டு, அடுத்த தலைமுறை மீன்களிற் சேர்கின்றன என்பதை விளக்கியது. முற்பிறந்தவை உலோகம் குறைந்தும் பிற்பிறந்தவை மிகுந்தும் இருத்தற்குக் காரணம் இதனால் விளங்கிற்று.

இன்றைய அளவைகளின்படி, ஹேர்க்குலிஸ் என்னும் ஒரே உடுத்தொகுதியிற் காணப்படும் இரு கோளக் கொத்துக்களுள், எம் 13இன் இரும்பு சூரியனதில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. எம் 92இனதோ இருநூறில் ஒரு பங்கு. தென்வானத்து 47 துக்கானா என்னும் கொத்தில் அஃது ஐந்தில் ஒரு பங்கு. வரைபிலே 47 துக்கானாவின் செம்பெருமீன்கள் எம் 92இன் செம்பெருமீன்களைவிடச் சிவந்த புறத்தில் நிற்கின்றன. உரோகிணிப் புறத்துக் கொத்தோ சூரியனிலும் மூன்றில் ஒரு பங்கு மிகுதியான உலோகம் உடையது. ஆகவே ஒரு கொத்துக்கும் மற்றொரு கொத்துக்கும் பொருளில் வேறுபாடு உண்டு. ஒரே கொத்தினுள் வேறுபாடு இல்லை என்பது அறிஞர் துணிபாயிற்று. ஒரு கொத்து, ஒரு பிறப்பு, ஒரு பொருள் என்று பாடநூல்களும் எழுதின.

ஒமேகா சென்ரோரி

அத்துணிபினை அசைத்த கொத்து நம் நாட்டு வானத்திலேயே உளது. வைகாசி மாதத்து நிலவற்ற முன்னிரவில், தென்சிலுவைக்கு வடகிழக்கே, புகை படிந்தாற்போன்ற மங்கலான ஒரு புள்ளி தென்படும். யாழ்ப்பாணத்தில் அது தென்றொடுவானத்துக்குமேல் முப்பது பாகைக்குச் சற்று மிகுந்த உயரத்தில் வரும். அதுவே ஒமேகா சென்ரோரி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி அதனை ஒரு விண்மீன் எனக் குறித்தார். 1603இல் பேயர் அதற்கு ஒமேகா என்னும் எழுத்தினைப் பெயராக இட்டார். 1677இல் சென் ஹெலேனாத் தீவிலிருந்து நோக்கிய இளைஞர் எட்மண்ட் ஹலி, அது விண்மீன் அன்று, ஒளிமுகில் என்றார். 1826இல் டன்லொப் அதனை விண்மீன் கொத்தென அறிவித்தார். நன்னம்பிக்கை முனையில் 1834 தொடக்கம் 1838 வரை தங்கி ஆராய்ந்த ஜோன் ஹேர்ஷல், அவ்வகைக் கொத்துக்களுள் அதுவே தலையாயது எனப் போற்றினார். ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவிலே ஒரு கோடி விண்மீன்கள் அங்கே திரண்டுள்ளன.

1966இல் இங்கிலாந்தின் அரச வானவியலாளராகிய றிச்சட் வூலியும் அவர்தம் உதவியாளரும் இக்கொத்தின் மீன்களை ஒளிப்படத் தகடுகளில் அளந்து வரைபிலிட்டனர். ஏனைய கொத்துக்களிற் செம்பெருமீன்கள் மெல்லிய கோடாக அமைய, இங்கு மட்டும் அவை அகன்ற பட்டையாய்ப் பரந்தன. தகட்டினை அளத்தலில் வழு நேர்தல் எளிது; ஆதலின் அகலம் முழுதும் அளவீட்டின் குறையாதல் கூடுமன்றோ என்னும் ஐயம் இயல்பாகவே எழும். 1973இல் கனனும் ஸ்ரோபியும் ஒளிமின் கருவியால் மீண்டும் நுணுகி அளந்தனர். அகலம் மறைந்திலது. வழுவெனின் கருவி செம்மையுறுந்தோறும் குறைதல் வேண்டும். இது குறையாமையின் வழுவன்று. 1975இல் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பிரீமனும் றொட்ஜேர்சும் அக்கொத்தின் மாறுமீன்களில் கல்சியத்தின் அளவு மீனுக்கு மீன் வேறுபடுதலைக் கண்டனர். இரும்பின் அளவும் சூரியனதில் நூறில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரை ஆங்கு பரந்து கிடப்பது பின்னர் அறியப்பட்டது. ஒரு கொத்து, ஒரு பொருள் என்ற துணிபு ஓரிடத்திலேனும் தகர்ந்தது.

ஒமேகா சென்ரோரி ஒரு விதிவிலக்கு என்று கூறி அமைந்திருத்தல் கூடும். பலர் அவ்வாறே அமைந்தனர். ஆயின், ஏனைய கொத்துக்களிலும் சிறு முரண்பாடுகள் தோன்றிய வண்ணம் இருந்தன. உலோக அளவில் ஒத்த இரு கொத்துக்கள் நிறத்தில் ஒவ்வாமை 1967இல் சுட்டப்பட்டது. உலோகமன்றி இரண்டாவதொரு காரணமும் உண்டென்பது அதனாற் பெறப்பட்டது. 1971இல் ஒஸ்போர்ண் என்பார், எம் 5, எம் 10 என்னும் கொத்துக்களில் காபனும் நைதரசனும் கூடிய மூலக்கூற்றின் பட்டைகள் வழக்கத்துக்கு மிஞ்சி வலுத்த மீன்களைக் கண்டார். பின்னர், இரும்பில் ஒத்த மீன்களிடையே சோடியம் மிக்கவற்றில் ஒட்சிசன் குறைந்தும், சோடியம் குறைந்தவற்றில் ஒட்சிசன் மிகுந்தும் இருத்தல் கொத்துத்தோறும் காணப்பட்டது. முதிர்ந்த மீன்கள் தம் உள்ளீட்டைத் தாமே கலக்கி மேலே கொணர்ந்தமையால் இது நேர்ந்தது என ஒரு சாரார் கூறினர். 2001இல் கிரற்றனும் அவர்தம் குழுவினரும் சிலி நாட்டின் பெருந்தொலைகாட்டி கொண்டு, இன்னும் முதிராத சிறுமீன்களிலும் அவ்வேறுபாடே இருத்தலைக் காட்டினர். சோடியத்தைச் சமைத்தற்கு வேண்டிய வெப்பம் அச்சிறுமீன்களின் உள்ளே இல்லை. ஆகவே அவை பிறக்கும்போதே அவ்வியைபோடு பிறந்தன. முன்னோர் சமைத்ததைப் பின்னோர் பெற்றனர் என்பது தெளிவாயிற்று.

2004இல் ஹபிள் விண்வெளித் தொலைகாட்டியின் படங்களை அளந்த பெடினும் அவர்தம் குழுவினரும் ஒமேகா சென்ரோரியின் முதன்மை நிரையே இரண்டாய்ப் பிளவுண்டிருத்தலை வெளியிட்டனர். செந்நிரை ஒன்று, நீலநிரை ஒன்று. உலோகம் குறைந்ததே நீலமாதல் வேண்டும் என்பதன்றோ விதி? 2005இல் பியோற்றோவும் அவர்தம் குழுவினரும் இரு நிரை மீன்களின் நிறமாலைகளையும் ஆராய்ந்தபோது, நீலநிரையே இரும்பு மிக்கது. ஏறத்தாழ இருமடங்கு மிக்கது எனக் கண்டனர். ஐம்பது ஆண்டுகளாய்க் கற்பித்து வந்த விதி தலைகீழாயிற்று. அதற்கு அவர்கள் கண்ட அமைதி ஒன்றே: அந்நீலமீன்களில் ஈலியம் மிகுந்திருத்தல் வேண்டும். ஈலியம் மிகுந்த மீன் அதே ஒளிர்விலும் வெப்பம் மிக்கதாய், நீலம் சார்ந்து நிற்கும். ஏனைய மீன்களில் நூற்றுக்கு 25 பங்காயுள்ள ஈலியம் அவற்றில் 35 பங்குக்கு மேற்படும் எனக் கணித்தனர். அத்துணைக் குளிர்ந்த மீன்களில் ஈலியம் கண்ணுக்குப் புலனாகும் கோடு எதனையும் காட்டாது. காணப்படாத ஒன்றை நிறத்தின் வழியே உய்த்துணர்ந்தமை இவ்வாராய்ச்சியின் அருமையாகும். 2011இல் அன்றியா டுப்பிறியும் உடனாய்ந்தோரும், கீழ்ச்சிவப்பு ஒளியில் அக்கொத்தின் செம்பெருமீன்கள் சிலவற்றில் ஈலியக் கோட்டினையே கண்டு அம்முடிபினுக்கு வலுவூட்டினர்.

2007இல் என்.ஜி.சி. 2808 என்னும் கொத்தில் மூன்று நிரைகள் காணப்பட்டன. 2015இல் வெளிவந்த ஹபிள் கழியூதா ஆய்வு, ஐம்பதுக்கு மேற்பட்ட கோளக் கொத்துக்களை நோக்கி, ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறை உண்டென்பதைக் காட்டிற்று. விதிவிலக்கெனப்பட்டதே விதியாய் முடிந்தது. பிற்பட்ட மீன்களுக்குச் சோடியத்தையும் ஈலியத்தையும் வழங்கிய முன்னோர் யாவர் என்பதில் அறிஞர் இன்னும் ஒருமைப்பட்டிலர். முதிர்ந்து விரிந்த செம்பெருமீன்கள் என்பார் சிலர். விரைந்து சுழலும் பெருமீன்கள் என்பார் சிலர். அளவிறந்த பேருருவ மீன்கள் என்பாரும் உளர். ஒமேகா சென்ரோரியோ, பால்வழியால் விழுங்கப்பட்ட ஒரு சிறு விண்மீன் மண்டலத்தின் எஞ்சிய கருவாதல் கூடும் எனப் பெரும்பாலார் கருதுகின்றனர்.

முடிபு

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து இரு படிப்பினைகள் தோன்றும். ஒன்று, ஒரு சான்றுக்குப் பல காரணங்கள் இருத்தல் கூடும் என்பது. சிவந்த கொத்து குளிர்ந்ததாயிருக்கலாம், முதிர்ந்ததாயிருக்கலாம், தூசியால் மறைந்ததாயிருக்கலாம், உலோகம் மிக்கதாயிருக்கலாம். ஒன்றைக் கண்டவுடன் ஏனையவற்றை மறந்தவர் ஷாப்லியைப் போன்ற பேரறிஞராயினும் வழுவினர்.

மற்றையது, விலகி நிற்பதனை இகழலாகாது என்பது. பெய்ன் கண்ட ஐதரசனின் மிகுதியும், வூலியின் வரைபில் விரிந்த பட்டையும், ஒஸ்போர்ணின் ஒவ்வாத மீன்களும் எதிர்பார்ப்போடு பொருந்தாதவை. அவற்றைப் பிழையென்று துடைத்திருந்தால் வரைபு அழகாயிருந்திருக்கும், உண்மை மறைந்திருக்கும். விலகியன யாவும் உண்மையாகா என்பதும் உண்மையே. பிழையோ சான்றோ என்பதனைத் தெளியும் வழியைக் கனனும் ஸ்ரோபியும் காட்டினர்: செம்மையான கருவி கொண்டு மீண்டும் அளந்து பார்ப்பதே அது. இகழ்தலும் தகாது, ஆராயாது நம்புதலும் தகாது.

நம் கல்லூரி ஆய்வுகூடத்திலே மாணவர் வரைபு வரைவதைக் காண்கின்றோம். கோட்டினை விட்டு விலகி நிற்கும் ஒரு புள்ளியை, ஆசிரியர் காணுமுன் அழிப்பானால் துடைத்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. நேரான கோட்டுக்குக் கூடிய புள்ளி வழங்கும் வழக்கம் ஆசிரியரிடத்தும் உண்டு. வரலாற்றுக் கட்டுரைகளைத் திருத்துங்கால், பாடநூலோடு பொருந்தாத விடையைக் கண்டு சிவப்பு மையால் அடித்த கை இதனை எழுதும் கையுமாகும். மாணவர்காள், அப்புள்ளியை அழியாதீர்கள். அதனைச் சுற்றி ஒரு சிறு வட்டமிட்டு, மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். வழுவாயின் அது நீங்கும். நீங்காதாயின், நீங்கள் இதுவரை அறியாத ஒன்றை அது கூறுகின்றது என்று கொள்ளுங்கள். அடுத்த வைகாசியில் முற்றத்து விளக்கை அணைத்துத் தெற்கே நோக்குவீராயின், இப்பாடத்தைக் கற்பித்த கொத்தினை நீங்களே காணலாம்.